இலை வாடும் முன்பே

நேயர்களுக்கு வணக்கம்.

"இலை இன்னும் வாடலையே, தண்ணி கட்ட என்ன அவசரம்?" ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இலை வாடுகிறது என்றால் செடி பல நாளாகத் தவிக்கிறது என்று அர்த்தம்.

இளம் இலை எப்படிப் பெரிதாகிறது? செல்லுக்குள் நீர் நிறைந்து, அந்த அழுத்தத்தில் செல்சுவர் விரிகிறது. மண்ணில் ஈரம் சற்றுக் குறைந்தாலே அழுத்தம் தளர்ந்துவிடும். ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டிருக்கும்போதே இலை விரிவது மட்டுப்படும். நுனிக்குக் கீழே உள்ள ஒரு பிஞ்சு இலையின் காம்பில் நூல் கட்டி, நாலு நாள் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஈரம் குறைந்திருந்தால் இலை பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் நீளம் கூடியிருக்காது. அப்போதே தண்ணீர் தேவை.

மண்ணின் காய்ச்சல் நீடித்தால் வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இலைத்துளைகளை மூடச் செய்கிறது. ஈரம் மிச்சமாகும். ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அந்தத் துளை வழியாகத்தான். உணவு தயாரிப்பு குறையும். நீர் ஆவியாகாததால் இலையும் சூடேறும்.

குச்சிக்கிழங்கு இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பயிர். துளைகளைச் சீக்கிரமே மூடும், அடி இலைகளை உதிர்க்கும், புது இலைகளைச் சிறிதாக விடும். நுனியில் ஒரு கொத்து இலையோடு மொட்டைத் தண்டாக நிற்கும், சாகாது. பிழைத்துக் கிடப்பது வேறு, விளைவது வேறு. எந்த வேர் கிழங்காகப் பருக்கும் என்பது நட்ட முதல் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும். அப்போது காயவிட்டால் பின்னால் ஈடுகட்டுவது கடினம்.

அறுவடை சமயத்தில் வேறு சிக்கல். நீண்ட காய்ச்சலுக்குப் பின் மழை பெய்தால் செடி குபுகுபுவென்று தளிர்க்கும். பார்க்க மனசு நிறையும். ஆனால் அந்தத் தளிருக்கு வேண்டிய சத்து கிழங்கில் சேர்ந்த மாவிலிருந்துதான் போகிறது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவு அளவு பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? தளிர் விட்ட கையோடு பிடுங்கினால் பாயிண்ட் இறங்கித்தான் இருக்கும். இலை முற்றி, மாவு மறுபடி கிழங்கில் சேரச் சில வாரம் விடுங்கள்.

மலை ஏறி ஏற்காட்டுக்குப் போனால் கணக்கே மாறுகிறது. அங்கே அராபிகா காபியின் பூமொட்டு கொஞ்சம் வளர்ந்ததும் உறங்கிப்போகும். அந்த உறக்கம் ஒழுங்காகக் கலைய வறண்ட மாதங்கள் வேண்டும். மார்ச், ஏப்ரலில் நல்ல கோடை மழை விழுந்தால் சுமார் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒன்றாகப் பூக்கும். இடையிடையே ஈரம் கிடைத்துக்கொண்டே இருந்தால் பூ விட்டுவிட்டு வரும், பழமும் ஒரே சமயத்தில் பழுக்காது, பறிப்புக்கூலி ஏறும். அதைவிட மோசம் வெறும் தூறல். மொட்டு பாதி விழித்து, சரியாக மலராமல் வீணாகும். பூத்த பிறகு அடுத்த மழை தள்ளிப்போனாலும் பிஞ்சு கொட்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். எத்தனை நாள் காய்ந்தது என்பதைவிட, எந்தப் பருவத்தில் காய்ந்தது என்று பாருங்கள். கிணற்றில் கொஞ்சம்தான் தண்ணீர் என்றால், குச்சிக்கிழங்குக்கு அதை முதல் மூன்று மாதத்துக்கு ஒதுக்குங்கள். சொட்டுநீர் போட்டு, வரிசைக்கு இடையே காய்ந்த சருகைப் பரப்பிவிடுங்கள். காபித் தோட்டக்காரர்கள் தெளிப்புநீருக்கு வைத்திருக்கும் குளத்து நீரை ஜனவரியிலேயே இறைத்துவிட வேண்டாம். பூத்த பின் மழை ஏமாற்றினால் பிஞ்சைக் காக்க அதுதான் கையிருப்பு.

வணக்கம்.