உள்ளிழுக்கும் மூச்சில் ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மவுத்தார்கன், ஒரு கிதார். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாசித்த இரண்டு பேரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மவுத்தார்கன் வாசித்தவர் சன்னி டெரி. கிதார் வாசித்தவர் பிரவுனி மெக்கீ. இருவரும் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் பிறந்த கறுப்பினக் கலைஞர்கள். அவர்கள் வாசித்த இசை ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை.

சன்னி டெரிக்குக் கண் தெரியாது. பிரவுனி மெக்கீக்கு ஒரு கால் சரியில்லை. இதைச் சொன்னதுமே கண் தெரியாதவர் தோளில் நடக்க முடியாதவர் ஏறிக்கொண்ட பழைய கதை உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். இவர்களைப் பற்றிப் பேசுகிற பலரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு. இருபது வருடமாக இவர்களுடைய பதிவுகளைக் கேட்டுவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இவர்கள் குறையோடு வந்து சேர்ந்தவர்கள் இல்லை. சேருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தனி ஆளாக முழுக் கச்சேரியும் செய்யக் கற்றிருந்தார்கள். இதை நான் இன்று இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சன்னி டெரி. பிறந்தது 1911-இல். அப்பா விவசாயி. கொண்டாட்டங்களிலும் நடனங்களிலும் மவுத்தார்கன் வாசிப்பார், மகனுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சிறுவயதில் ஒரு விபத்தில் ஒரு கண் போயிற்று. வளர்ந்த பிறகு இன்னொரு விபத்தில் மற்றக் கண்ணும் போயிற்று. இனி வயல் வேலை முடியாது என்று ஆனதும் கையில் மிஞ்சியது மவுத்தார்கன். தெருவில் நின்று வாசிப்பவருக்குப் பக்கவாத்தியம் யார் வருவார்கள்? அதனால் அவர் வாயிலேயே எல்லாம் வரவேண்டியிருந்தது. தூரத்தில் ரயில் கிளம்பும், வேகம் எடுக்கும், பாலத்தைக் கடக்கும், கூவும். நரி வேட்டை என்றால் நாய்கள் குரைக்கும், வேட்டைக்காரன் நாயை அதட்டுவான். இடையிடையே ‘ஹூ’ என்று உச்சக் குரலில் ஒரு கூவல். அது தொண்டையா, வாத்தியமா என்று பிரித்துச் சொல்ல முடியாத வேகத்தில் மாறி மாறி வரும். முதல் தடவை கேட்டபோது இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

இங்கே கொஞ்சம் நின்று, எனக்குப் பிரியமான ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பள்ளி நாட்களில் திருவிழாக் கடையில் மவுத்தார்கன் வாங்கியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நாமெல்லாம் என்ன செய்வோம்? ஊதுவோம். அந்த வாத்தியம் செய்யப்பட்டதும் அப்படித்தான். ஜெர்மனியில், அந்த ஊர் நாட்டுப்பாட்டுகளுக்கு ஏற்றபடி செய்தார்கள். பத்துத் துளை. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு ரீடு, அதாவது அதிரும் சின்ன உலோகத் தகடு. ஊதினால் ஒன்று அதிரும், மூச்சை இழுத்தால் மற்றொன்று அதிரும். எந்தத் துளையில் ஊதினாலும் ஸ, க, ப இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். ஆக, ஊதுவதுதான் வீடு. மூச்சை இழுப்பது சும்மா வெளியே போய்விட்டு வருவது மாதிரி.

அமெரிக்காவின் கறுப்பின மக்கள் கைக்கு அது வந்தபோது வீட்டை இடம் மாற்றிவிட்டார்கள். மூச்சை இழுத்தால் கீழ்த் துளைகளில் ப, நி, ரி வருகிறது. அந்தப் பஞ்சமத்தையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டார்கள். சங்கீதம் தெரிந்த நேயர்களுக்கு இது உடனே பிடிபடும், நாம் கிரக பேதம் என்கிறோமே அதுதான். சங்கராபரணத்தில் பஞ்சமத்தை ஸட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி. சின்ன மவுத்தார்கனுக்குள் அதே வேலை நடந்திருக்கிறது. நம் கிரக பேதத்தை அவர்கள் கேட்டதில்லை, தங்கள் காதை நம்பிச் செய்தார்கள். சங்கீதம் தெரியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ப்ளூஸ் மவுத்தார்கனில் பாட்டு வந்து தங்கும் இடம் உள்ளே இழுக்கும் மூச்சு.

ஏன் அப்படி? இழுக்கும்போதுதான் கீழ்த் துளைகளில் ஸ்வரம் வளையும். வாய்க்குள் நாக்கையும் தொண்டையையும் கொஞ்சம் மாற்றினால் ஸ்வரம் அழுவது மாதிரி கீழே இறங்கும். அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்கும். ஊதி வாசிக்கிறவருக்கு அந்தக் கீழ்த் துளைகளில் இது கிடைக்காது. நீங்களே இப்போது ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். விம்மும்போதும் நாம் அப்படித்தானே இழுக்கிறோம்? ப்ளூஸ் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, கதைக்கு வருவோம். வட கரோலினாவில் டர்ஹம் என்று ஒரு புகையிலை நகரம். அறுவடை முடிந்து ஏலம் நடக்கும் காலத்தில் விவசாயிகள் கையில் காசு புழங்கும். கிடங்குகளுக்கு வெளியே பாட்டுக்காரர்கள் நிற்பார்கள். அங்கே பெரிய பெயர் பிளைண்ட் பாய் ஃபுல்லர் என்ற கிதார் கலைஞருக்கு. அவருக்கும் கண் தெரியாது. சன்னி டெரி அவரோடு சேர்ந்து வாசித்தார், இசைத்தட்டும் கொடுத்தார்.

1938-இல் ஜான் ஹாமண்ட் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் கறுப்பின இசையின் வரலாற்றையே ஒரே இரவில் மேடையேற்ற நினைத்தார். இடம், நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை அரங்கமான கார்னகி ஹால். கிதாருக்கு ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் வேண்டும் என்று விரும்பினார். அவர் அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோயிருந்தார். ஃபுல்லரைத் தேடி வந்தால் அவர் சிறையில். அப்போதுதான் சன்னி டெரி கண்ணில் பட்டார். அதே வருடம் டிசம்பர் 23-ஆம் தேதி, புகையிலைக் கிடங்கு வாசலில் வாசித்த அதே மவுத்தார்கன் கார்னகி ஹாலில் ஒலித்தது. ஜான்சனுக்காக வைத்திருந்த இடத்தில் அவருடைய இசைத்தட்டையே மேடையில் ஓடவிட்டார்கள். ஒருவர் இறந்துபோய், இன்னொருவர் சிறையில் இருக்க, சன்னி டெரி போய் நின்ற இரவு அது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

இப்போது பிரவுனி மெக்கீ. பிறந்தது 1915-இல், டென்னசியில் நாக்ஸ்வில் நகரத்தில். நான்கு வயதில் போலியோ வந்து வலது கால் பாதிக்கப்பட்டது. அவரை ஒரு சின்ன வண்டியில் உட்காரவைத்து, குச்சியால் தள்ளிக்கொண்டு போனவன் தம்பி கிரான்வில். அந்தக் குச்சியாலேயே தம்பிக்கு ‘ஸ்டிக்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் தம்பியும் பாடகரானார். 1949-இல் அவருடைய ஒரு பாட்டு நாடெங்கும் ஓடியது, அதில் அண்ணனும் உடன் வாசித்தார். வண்டி தள்ளிய தம்பிக்கு அண்ணன் கிதார் எடுத்துக்கொண்டு போய் நின்றதை நினைத்துப் பாருங்கள்.

அப்பா ஆலைத் தொழிலாளி, கிதார் வாசிப்பார். மாமா ஒரு தகரப் பெட்டியையும் பலகையையும் வைத்து பிரவுனிக்கு முதல் வாத்தியத்தைச் செய்துகொடுத்தார். தேவாலயத்தில் பக்திப் பாட்டு பாடிப் பழகினார். 1937-இல், போலியோவை எதிர்க்க மக்களிடம் திரட்டிய நிதியில் காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நடக்க முடிந்ததும் ஊர் ஊராகப் போனார். இவரும் தனி ஆள்தான். அந்தப் பகுதியின் கிதார் பாணியில் கட்டைவிரல் தடித்த தந்திகளில் ஒரு பிசகும் இல்லாமல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டை எடுக்கும். பியானோக்காரர் இரண்டு கையில் செய்வதை ஒரே கையில் செய்வது அது. இவருக்கும் பக்கவாத்தியம் தேவையில்லை. நான் முதலில் சொன்னது இதைத்தான்.

1941-இல் ஃபுல்லர் இறந்தார். இசைத்தட்டு வியாபாரம் செய்தவர்கள் பிரவுனியை ‘இரண்டாம் பிளைண்ட் பாய் ஃபுல்லர்’ என்று தட்டில் அச்சடித்து விற்றார்கள். கண் தெரிகிற மனிதருக்கு அந்தப் பெயர்! ஃபுல்லர் விட்டுப்போன இடத்தில்தான் இருவரும் ஜோடியானார்கள். அப்புறம் நியூயார்க் போனார்கள்.

தனியாகவே நிறைவாக வாசிக்கிற இரண்டு பேர் சேர்ந்தால் நெரிசல்தானே வரவேண்டும்? பதிவுகளைக் கேளுங்கள். பிரவுனி தன் கட்டைவிரலை மட்டும் விடாமல், பாட்டு எடுக்கும் விரல்களை அடக்கிக்கொள்கிறார். சன்னி இனி ரயிலின் சக்கரத்தை ஓட்ட வேண்டியதில்லை, கூவல் மட்டும் போதும். ஒருவர் பாடும் வரி முடிந்ததும் மற்றவர் அந்த இடைவெளிக்குள் வருகிறார்.

நேரம் நெருங்கிவிட்டது என்று இங்கிருந்து கையைக் காட்டுகிறார்கள். இங்கிலாந்துப் பயணம், 1955-இல் இருவரும் ஏறிய நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை, இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்ல இருந்தேன், முடியவில்லை. ஒன்றை மட்டும் விட மனசில்லை. கடைசி வருடங்களில் இவர்களுக்குள் கசப்பு வந்துவிட்டது, ஒரே மேடையில் உட்கார்ந்தும் பேசிக்கொள்வது அரிதாகி, பிறகு பிரிந்தார்கள். 1982-இல் அமெரிக்க அரசு மரபுக் கலைஞர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்த கௌரவத்தை இருவருமே பெற்றார்கள். சன்னி 1986-இலும் பிரவுனி 1996-இலும் காலமானார்கள்.

இந்த உரை முடிந்ததும் இவர்களுடைய ஒரு பதிவு ஒலிக்கும். முதலில் கிதாரின் தடித்த தந்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மவுத்தார்கன் வரும்போது, மூச்சு எப்போது உள்ளே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். வணக்கம்.