இறங்குவதற்கு முன் எத்தனை பக்கம்?

எல்லோருக்கும் வணக்கம். அத்தியாயம் சின்னதாக இருந்தால்தான் படிக்க முடிகிறது என்று நம் வாசகர் வட்டத்தில் பலர் சொல்கிறீர்கள். சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது, பொறுமை இல்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று. அந்தக் கூச்சம் வேண்டாம்.

போன வாரம் சிங்கப்பூரின் பொங்கோலில் எம்ஆர்டி ரயில் ஏறினேன். எதிரே ஓர் அம்மா, மடியில் தமிழ் நாவல். ஹவ்காங் தாண்டியதும் படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மேலே புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. அத்தியாயம் முடிய எத்தனை பக்கம் என்று எண்ணுகிறார்! மூன்றுதான் என்றதும் முகம் தெளிந்தது. குனிந்தவர் நிமிரவே இல்லை. சிராங்கூனில் கதவு திறந்தபோது நூலக ரசீதைப் பக்கத்தில் செருகிக்கொண்டு எழுந்தார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் ஒரு நாவலையே படித்து முடிப்பவர் அவர். அவருக்கா பொறுமை இல்லை?

இது இன்றைக்கு வந்த பழக்கமும் அல்ல. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஐந்து பாகங்களில் மொத்தம் 293 அத்தியாயங்கள். நம் தாத்தா பாட்டிகள் வாரா வாரம் காத்திருந்து, அந்த வாரத்துப் பங்கைப் படித்துவிட்டு அடுத்ததற்கு ஏங்கியவர்கள்.

அதற்காக எல்லா அத்தியாயத்தையும் எட்டுப் பக்கத்தில் நறுக்கிவிடு என்று எழுத்தாளரிடம் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். 30 காதைகள், ஆனால் ஒரே அளவில் இல்லை. புகாரின் இந்திர விழாவைச் சொல்லும் காதை இருநூறு வரிகளைத் தாண்டும். வீதி வீதியாக ஊரைக் காட்ட வேண்டுமே! கண்ணகி பாண்டியன் முன் நிற்கும் வழக்குரை காதையோ அதில் பாதிகூட இல்லை. சிலம்பை உடைத்துக் காட்ட எத்தனை வரி வேண்டும்? பொருள்தான் அளவைச் சொல்ல வேண்டும்.

எழுத்தாளர்களிடம் நான் கேட்பது சின்ன உதவிதான். அத்தியாயம் நீண்டால் நடுவில் ஒரு வரி இடம் விடுங்கள், மூன்று நட்சத்திரம் போடுங்கள். நாங்கள் ரசீதைச் செருகிக்கொள்கிறோம்.

சரி, அடுத்த மாத நாவலில் நாற்பது பக்க அத்தியாயம் ஒன்று உண்டு. கொட்டும் மழையில் ஒரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அங்கே இடமும் விடவில்லை, விடவும் கூடாது. தயவுசெய்து அதை ரயிலில் ஆரம்பிக்காதீர்கள். சனிக்கிழமை காலை காப்பி குடித்துவிட்டு, போனைத் தள்ளிவைத்துவிட்டு உட்காருங்கள்.