பரம்பரையா சூழலா? கடலூர் பட்டிமன்றத்துல நான் பேசினது

நடுவர் அவர்களுக்கும், மஞ்சக்குப்பத்துல இந்த கொசுக்கடியிலயும் எழுந்து போகாம உக்காந்திருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு, வளரிளம் பருவத்து மனச்சோர்வுக்குப் பெரிதும் காரணம் பரம்பரையா சூழலா. நான் சூழல் அணி.

எதிரணித் தம்பி நல்லா படிச்சிட்டு வந்திருக்கார். இரட்டைப் புள்ளைங்களை வச்சு செஞ்ச ஆய்வுகளை 2000-ல ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க, மனச்சோர்வுல பரம்பரையோட பங்கு 37 சதவீதம்னு வந்துச்சுன்னார். உண்மைதான், மறுக்கல. ஆனா மீதி 63 என்னாச்சு தம்பி, அதைச் சொல்லாமலே இறங்கிட்டீங்களே? அதுவும் போக, 37ன்னா ஒரு புள்ளையோட சோகத்துல 37 பங்கு ரத்தத்துலேர்ந்து வந்துச்சுன்னு அர்த்தம் கிடையாது, ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல எவ்ளோ மரபால வருதுங்கிற கணக்கு அது, சூழல் மாறுனா அந்த எண்ணே மாறிடும்.

அடுத்து தம்பி சொன்ன அந்த 2003 ஆய்வு. நியூசிலாந்துல டனிடின் ஊர்ல பொறந்த புள்ளைங்களை 26 வயசு வரைக்கும் விடாம கவனிச்சு, மூளையில செய்தி கடத்துற செரோட்டோனின்ங்கிற ரசாயனம் சம்பந்தப்பட்ட ஒரு ஜீன், அதாவது மரபணு, ஒரு மாதிரி இருந்தா, வாழ்க்கையில அடி விழும்போது மனச்சோர்வு அதிகமா வருதுன்னாங்க. அடி விழும்போதுன்னு அவங்களே சொல்றாங்க பாருங்க. சரி, 2009-ல 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப என்னாச்சு? அந்த ஜீனோட கைவரிசை ஒண்ணும் தெரியல, வாழ்க்கையில விழுந்த அடி மட்டும் தெளிவா தெரிஞ்சுது நடுவர் அவர்களே! 2019-ல 8 லட்சம் பேருக்கு மேல பார்த்து 102 மரபணு மாற்றங்களைக் கண்டுபிடிச்சாங்க, ஒவ்வொண்ணும் துளித்துளி பங்குதான். இதுல எதைக் காட்டி இதுதான் மனச்சோர்வு ஜீன்னு சொல்லுவீங்க?

பரம்பரைக்கு பங்கே இல்லன்னு நான் சொல்லல. சுபாவமே சோர்ந்த சுபாவமா ஒரு புள்ள பொறக்கலாம். அது வகுப்புல பேசாது, பேசாத புள்ளைய யாரும் விளையாட்டுல சேர்த்துக்க மாட்டாங்க, சேர்த்துக்கலன்னதும் இன்னும் சுருங்கும், அப்புறம் வாத்தியாரும் "மந்தம்"னு பேர் வச்சுடுவாரு. சுபாவம் ரத்தத்துல வந்துச்சு, சரி, ஒதுக்குனது யாரு?

பொண்ணுங்களைப் பாருங்க. சின்ன வயசுல மனச்சோர்வுல ஆம்பளப் பசங்களுக்கும் அவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, வயசுக்கு வந்த பிறகு பொண்ணுங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகுது. ஹார்மோனும் காரணம், ஒத்துக்குறேன். ஆனா மஞ்சத்தண்ணி ஊத்துன மறுநாளே அவ சைக்கிளைப் பூட்டி சாவியை அப்பா சட்டைப் பையில போட்டுக்குற வீடு இந்த ஊர்ல எத்தனை?

என் வீட்டுக் கதையை சொல்றேன். எங்க அப்பா திண்ணையிலயே உக்காந்திருப்பார், சட்டை பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு, காபி ஆறி ஆடை படியுற வரைக்கும் டம்ளரைப் பார்த்துக்கிட்டே இருப்பார். என் தம்பிக்கு 15 வயசாகும்போது அவனும் பேச்சைக் குறைச்சான், டிபன் பாக்ஸைத் தொறந்தா தயிர்சாதம் அப்படியே புளிச்சுப் போய் இருக்கும். சொந்தக்காரங்க ஒரே வார்த்தை சொன்னாங்க, "அப்பன் ரத்தம், என்ன பண்றது". அந்த வார்த்தையால ரெண்டு வருஷம் யாரும் அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல, நானும்தான் போகல. எனக்கு இன்னைக்கும் வலிக்குது.

முத்தியால்பேட்டை சித்திதான் வந்து, "பையை எடுடா"ன்னு பாண்டிச்சேரிக்கு அழைச்சிட்டுப் போனாங்க. டாக்டர்கிட்ட காட்டினாங்க, மாத்திரையும் உண்டு, பேச்சும் உண்டு. சாயங்காலம் மீன் வாங்கப் போனா கூடையைப் புடிக்கச் சொல்லி கூடவே கூட்டிட்டுப் போவாங்க, பேசு பேசுன்னு நச்சரிக்க மாட்டாங்க. எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் அவனே, "சித்தி, வஞ்சிரம் வேணாம், சங்கரா வாங்கு"ன்னான். சித்தி எனக்கு போன் பண்ணி அழுதுச்சு. அவன் ஜீன் எதையாவது சித்தி மாத்துனாங்களா?

இங்க யார் வீட்டுலயாவது இப்படி ஒரு புள்ள இருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. ரத்தம்னு சொல்லிட்டு உக்காந்துடாதீங்க, கையெடுத்து கும்புட்டு கேக்குறேன்.

என் தம்பிக்கு இப்ப 12 வயசுல ஒரு பொண்ணு இருக்கா, எதிரணி கணக்குப்படி அதே ரத்தம். போன மாசம் ஸ்கூல்லேர்ந்து வந்தவ பையை வீசிட்டு சாப்புட மாட்டேன்னு படுத்துட்டா. இவன் போனை அணைச்சு வச்சுட்டு அவ பக்கத்துல பாயைப் போட்டு படுத்துக்கிட்டான், ஒண்ணும் கேக்கல. ராத்திரி பதினோரு மணி வாக்குல அவளே சொல்ல ஆரம்பிச்சாளாம்.

தீர்ப்பை எங்க பக்கம் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.