பயந்த நாய்க்கு அவசரப்படாத வீடு

நேயர்களுக்கு வணக்கம். காப்பகத்து நாய்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். அதில் யாருமே கேட்டு வராத நாய்களைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

டர்பனில் நாய் எடுக்க வருகிறவர்கள், சாட்ஸ்வொர்த்திலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ பிள்ளைகளோடு வருகிறவர்கள், கம்பியோரம் ஓடிவந்து வாலாட்டுகிற நாயிடம்தான் நிற்பார்கள். பின்மூலையில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கிற நாயிடம் நிற்பவர் அபூர்வம், அப்படி நின்றாலும் "ஐயோ பாவம், நாங்க அன்பா பார்த்துக்குறோம்" என்பார்கள். எனக்குக் கவலை தருவது இந்தப் பாவம்தான். பாவப்பட்டு எடுத்தவர் அன்று சாயங்காலமே மடியில் தூக்கி வைப்பார், தடவிக் கொடுப்பார், அத்தை மாமா பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நாய்க்கோ அன்றைக்கு வேண்டியது ஒரு மூலை, தண்ணீர், சோறு, யாரும் தன்னைக் கவனிக்காத நாலு மணி நேரம்.

இப்படிப்பட்ட நாய் என்றாலே யாரோ அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். சில நாய்களுக்கு அது உண்மை. ஆனால் பல நாய்கள் அடியே பட்டிருக்காது. குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினாலு வாரம் வரைக்கும்தான் புதியதை எளிதாக ஏற்கிற பருவம், அந்த நாட்களில் மனிதக் கை பழகாவிட்டால் பிறகு மனிதர் என்றாலே அந்நியம்தான். வளர்ந்த பிறகும் பழக்கலாம், மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவுதான்.

அதனால் வீடு தேடும்போது நான் பார்ப்பது ஆளின் பொறுமையை. ஷால்கிராஸில் ஒரு ஆயா இருக்கிறார், தனியாக இருப்பவர். "அது பக்கத்துல வரலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "வரலைன்னா போகட்டும், நான் என் வேலையப் பார்க்கிறேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே கொடுத்தேன். தினமும் பின்வாசலில் உட்கார்ந்து மொச்சை உரிப்பார், நாய் எங்கே இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேராக உற்றுப் பார்ப்பதும், தலைக்கு மேலே குனிந்து கை நீட்டுவதும் பயந்த நாய்க்கு மிரட்டல்தான். பக்கவாட்டில் உட்கார வேண்டும், கையைக் கீழே வைத்திருக்க வேண்டும், அது மோந்து பார்த்துவிட்டு ஓடினால் ஓடட்டும். கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் கண்ணின் வெள்ளை தெரிவதும் "போதும், தள்ளிப் போ" என்று அது சொல்கிற விதம். அதையும் மீறிப் பிள்ளைகள் நெருங்கினால் கடிக்கும், பிறகு பழி நாயின் மேல் விழும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது, தடுப்பூசி போடாமல் எந்த நாயையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது.

அப்புறம் காலம். தீபாவளி, அதை ஒட்டி நவம்பர் 5 அன்று வெடி விடுகிற 'கை ஃபாக்ஸ்' இரவு, பிறகு வருஷப் பிறப்பு என்று வெடிச் சத்தம் மாறி மாறி வரும். 1960களில் கட்டிய சாட்ஸ்வொர்த் வீடுகள் பல ஒன்றோடொன்று ஒட்டியவை, பக்கத்து வீட்டு வெடி நம் முற்றத்தில் வெடித்த மாதிரிதான். அந்த மாதங்களில் பயந்த நாயை நான் கொடுப்பதில்லை, எவ்வளவு நல்ல குடும்பம் கேட்டாலும் சரி. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்து வீடு அமைதியான பிறகு வாருங்கள் என்பேன். கோபப்படுகிறவர்கள் உண்டு, படட்டும்.

வீட்டில் ரிமோட் கேட் இருந்தால் அது திறக்கிறபோது நாய் உள் அறையில் இருக்க வேண்டும். புது வீட்டிலிருந்து ஓடிய பயந்த நாய், நீங்கள் கூப்பிட்டால் திரும்பி வராது, இன்னும் தூரம்தான் ஓடும். முதல் வாரங்களில் முற்றத்துக்குக்கூட நீளக் கயிற்றோடுதான் அதை விட வேண்டும், கழுத்துப் பட்டை தலை வழியாக நழுவாத அளவுக்கு இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் சத்தம் குறைவா, சின்னப் பிள்ளைகள் இல்லையா, ஒரு நாய் ஆறு மாதம் உங்களைத் தொடவிடாவிட்டாலும் சோறு வைப்பீர்களா? பக்கத்தில் உள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கக் காப்பகத்துக்கு (எஸ்.பி.சி.ஏ.) போய், பின்மூலையில் இருக்கிற நாயைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள், சுவரின் உயரம் கேட்பார்கள், சங்கடப்படாமல் காட்டுங்கள்.