அடியில் என்ன இருக்கிறது? ஒரு சிறிய மரவெட்டுத் தொழிலின் நாள் கணக்கு

(காட்சி: காலை ஆறு மணி. தாம்பரத்தை அடுத்த ஒரு தேநீர்க் கடை வாசலில் நிற்கும் குட்டி யானை வண்டி. பின்புறத்தில் சுருட்டி வைத்த வடக்கயிறுகள், ஏணி, இரண்டு மிஷின் ரம்பங்கள்.)

மரம் வெட்ட எவ்வளவு ஆகும் என்று தொலைபேசியில் கேட்பவர்கள், அது என்ன மரம், எத்தனை அடி உயரம் என்பதையெல்லாம் சொல்வார்கள். மரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவின் லாபமும் நட்டமும் பெரும்பாலும் அந்தச் சொல்லப்படாத விஷயத்தில்தான் அடங்கியிருக்கின்றன.

திறந்த வயலில் நிற்கும் மரத்தை வீழ்த்துவது எளிது. சாய வேண்டிய பக்கத்தில் அடிமரத்தின் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் வெட்டி, பிறகு எதிர்ப்புறத்திலிருந்து ரம்பத்தை ஓட்டி, விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக் கட்டையை அறுக்காமல் விட்டுவிட்டால், அந்த அறுபடாத பகுதி கதவின் கீல் போல இருந்து மரத்தை நாம் நினைத்த திசையில் மெல்லச் சாய்த்துவிடும். ஆனால் சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2400 சதுர அடியில், வீடு, கிணறு, சுற்றுச்சுவர், கார் நிற்கும் தகரக் கொட்டகை எல்லாம் போக மிச்சமிருக்கும் மூலையில் வளர்ந்த வேப்பமரத்துக்குச் சாய்வதற்கு இடமே கிடையாது. அதை உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டித்தான் தரைக்குக் கொண்டுவர வேண்டும். எனவே நாங்கள் வாங்குவதை வெட்டுக்கூலி என்பதைவிட இறக்குகூலி என்பதே பொருந்தும்.

(காட்சி: ஒன்றரை அடி விட்டமுள்ள அறுத்த கட்டை ஒன்று. அருகில் அளவு நாடா.)

இந்தக் கட்டையைப் பாருங்கள். விட்டம் ஒன்றரை அடி, நீளம் மூன்று அடி. பச்சை மரம் ஏறத்தாழ அதே கன அளவுள்ள தண்ணீரின் எடை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இது சுமார் 150 கிலோ. இருபது அடி உயரத்தில் அறுபடும் இந்தக் கட்டை கயிறு இல்லாமல் விழுந்தால் சிமெண்டுத் தளமும் பிளக்கும். அதனால்தான் கயிற்றைக் கட்டைக்கு மேலே உள்ள உறுதியான கவையில் கொடுத்து, மறுமுனையை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, அந்த உராய்வை நம்பி ஒரே ஆள் சிறிது சிறிதாகக் கயிற்றை விட்டு இறக்குகிறார். ரம்பம் பிடிப்பவரைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். என் கணிப்பில் குழுவின் உயிர் கீழே கயிறு பிடிப்பவரின் கையில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நானே ஒருமுறை ஏமாந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஒரு படத்தைப் பார்த்து, கொல்லைப்புற மாமரம் ஒன்றுக்கு விலை சொல்லிவிட்டேன். படத்தில் மரத்தின் அடியில் காய்ந்த சருகுதான் தெரிந்தது. மறுநாள் மூன்றாவது கிளை கொஞ்சம் வேகமாக இறங்கித் தரையைத் தொட்டபோது, சருகுக்குக் கீழே இருந்த கழிவுநீர்த் தொட்டியின் மூடி இரண்டாகப் பிளந்தது. மூடியை மாற்றிக் கொத்தனார் கூலியையும் கொடுத்து முடித்தபோது அந்த வேலையில் எனக்குக் கைப்பணம்தான் போயிற்று. வீட்டுக்காரர் மேல் குறையில்லை. அவர் தொட்டியை மறைக்கவில்லை, நான்தான் சருகை ஒதுக்கிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நேரில் போய், மரத்தைச் சுற்றி நடந்து, காலால் தரையைத் தட்டிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை.

(காட்சி: மாமரத்தின் கிளை. இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக் கூடு.)

அடியைப் பார்த்த பிறகு மேலே பார்க்க வேண்டும். மாமரம் என்றால் முசுறு இருக்கும். இலைகளைப் பந்தாகத் தைத்து வாழும் அந்தச் செவ்வெறும்புக் கூட்டம் ஏறுபவரின் கழுத்தில் இறங்கினால் அவர் கயிற்றை விட்டுவிட்டுச் சொறியத் தொடங்கிவிடுவார். ஆகவே எங்கள் ஏறும் ஆள் சாம்பலைத் தூவிவிட்டே காலை வைப்பார். பனையிலும் தென்னையிலும் கதண்டு என்னும் விஷக்குளவி கூடு கட்டியிருந்தால் நாங்கள் தொடுவதே இல்லை. கதண்டு கொட்டி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தீயணைப்புத் துறையை அழைத்து, அது அகற்றப்பட்ட பிறகே ஏறுவோம். சித்திரை, வைகாசியில் காக்கைக் கூடு இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்பேன். பாதிப் பேர் சம்மதிப்பார்கள். மீதிப் பேருக்காகத் தலைக்கவசம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மின்கம்பி. வீட்டுக்கு வரும் கம்பியில் 230 வோல்ட், தெருவில் உயரே செல்லும் உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட். பச்சைக் கிளை ஈரமானது. கம்பியில் பட்டால் அதன் வழியாகவே மின்சாரம் இறங்கும். பராமரிப்புக்காக மின்வாரியம் முன்னறிவித்து மின்சாரத்தை நிறுத்தும் நாளில் இத்தகைய மரங்களை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அன்றைக்கும் மின்வாரிய ஊழியர் வந்து உறுதி செய்யாமல் ஏறக்கூடாது. ஏனென்றால் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால், நின்றுபோன கம்பியிலும் எதிர்த்திசையில் மின்சாரம் வரும்.

(காட்சி: கணக்கு நோட்டின் ஒரு பக்கம்.)

இனி பணம். ஒரு வேப்பமரத்துக்கு 12,000 ரூபாய் பேசி முடித்த நாளின் கணக்கு இது. ஏறும் ஆளுக்கு 2,000. கீழே நிற்கும் மூவருக்கும் சேர்த்து 3,000. வண்டி இரண்டு நடைக்கு 3,000. பெட்ரோல், எண்ணெய், சங்கிலித் தேய்மானம் 800. தேநீர், சாப்பாடு 600. மொத்தம் 9,400 போக எனக்கு நின்றது 2,600. தழை எதிர்பார்த்ததைவிட அதிகமாகி மூன்றாவது நடை அடித்திருந்தால் 1,500 போய் 1,100தான் மிஞ்சியிருக்கும். அதோடு மழையும் வந்து மறுநாள் அரை நாள் இழுத்திருந்தால், அரைக்கூலி 2,500ஐயும் சேர்த்து 1,400 ரூபாய் என் கையிலிருந்து போயிருக்கும். மரத்தை இறக்கியவுடன் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் மிலாறும் தழையும் இடத்தை அடைக்குமே தவிர எடை இருக்காது. வண்டி நிறைந்துவிடும், சுமை இருக்காது, வாடகை மட்டும் முழுசாக ஆகும்.

கட்டையை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களே, கூலி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேம்பின் அடிமரம் நேராகவும் உள்ளே பொந்தில்லாமலும் இருந்தால் அறுவை மில்லில் விலை போகும். அந்த நேர்மை வீட்டு மரங்களில் அபூர்வம். நம் தெருக்களில் நிறைந்திருக்கும் குல்மொகருக்கு விறகுக் கடையிலும் மரியாதை கிடையாது. தென்னங்கட்டை பாதி நேரம் சும்மா கொடுத்தாலும் போகாது. அதை அறுத்தால் ரம்பத்தின் பல்லும் சீக்கிரம் மழுங்கிவிடும்.

ஆடிக் காற்றில் அழைப்புகள் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் உச்சத்தை எட்டும். புயலுக்குப் பின் நிலைமையே வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது, தெருவோரத்துக் குல்மொகர்களும் பெருங்கொன்றைகளும் வேரோடு சாய்ந்தன. எந்தக் கூலி கேட்டாலும் கொடுக்கத் தயாராக மக்கள் இருந்த நாள்கள் அவை. அப்போது மும்மடங்கு வாங்கியவர்களை ஊர் மறக்கவில்லை என்பதையும் பிறகு பார்த்தேன். விழுந்து கிடக்கும் மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்தானது. ஒரு பக்கம் இழுவிசையிலும் மறுபக்கம் அழுத்தத்திலும் வளைந்து கிடக்கும் கிளையைத் தவறான பக்கத்திலிருந்து அறுத்தால், ஒன்று ரம்பம் சிக்கிக்கொள்ளும், இல்லையேல் கிளை வில்லைப் போலத் தெறித்து மார்பில் அடிக்கும்.

மரத்தை வெட்டாமல் கவாத்து மட்டும், அதாவது வேண்டாத கிளைகளை மட்டும் கழிக்கச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலோர் கேட்பது மொட்டையடிப்பது. கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பட்டை அடிமரம்வரை கிழிந்துவிடும். எனவே அடியிலிருந்து ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியாகக் கிளை தொடங்கும் இடத்தில் மோதிரம் போலப் புடைத்திருக்கும் பகுதிக்கு வெளியே ஒரு வெட்டு என்று மூன்றாகப் பிரித்துச் செய்ய வேண்டும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று காட்டினார். அந்தப் புடைப்பை வெட்டி எறிந்தால் சுவர் எழுப்பும் இடமே போய்விடுகிறது. வெட்டுவாயில் தாரோ சாணியோ பூசச் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பூசாமல் விடுவதே நல்லது என்று மட்டும் சொல்வேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: தெருவோர மரமும் அரசு நிலத்து மரமும் வீட்டுக்காரர் சொல்லி வெட்டக்கூடியவை அல்ல, அதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை. பட்டா நிலத்திலேயே நின்றாலும் சந்தன மரத்தில் கை வைக்கக்கூடாது. அது வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும்.

(காட்சி: மாலை. வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, வட்ட அரத்தால் சங்கிலியின் பற்களை ஒவ்வொன்றாகத் தீட்டும் கைகள்.)

எங்கள் ஆட்களின் குடும்பங்கள் நாள்தோறும் ஒரு கயிற்றை நம்பியிருக்கின்றன. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஐவரும் சேர்ந்திருக்கிறோம். அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்குப் போதாது. ஆயினும் சேர வைக்கவே எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கையெழுத்துப் போட்டால் கெட்டது நடக்கும் என்று எங்கள் ஏறும் ஆள் அஞ்சினார். குடித்துவிட்டு வந்தால் ஏறக்கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் சில நாள்கள் கூலி கொடுத்தும் வேலை நடக்காமல் திரும்பியிருக்கிறோம்.

சங்கிலியைத் தீட்டி முடிப்பதற்குள் தொலைபேசி ஒலிக்கிறது. சேலையூரிலிருந்து ஓர் அம்மா. ஒரே ஒரு தென்னைதானாம், நாற்பது அடி, அடியில் ஒன்றுமே இல்லையாம், விலையை இப்போதே சொல்லிவிடலாமாம். "நாளைக் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அம்மா."