பூச்சி மாத்திரையை விழுங்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. குடற்புழு நீக்க மருந்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் பூச்சி மாத்திரை என்கிறோமே, அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே என் உத்தியோக காலம் போனது. இந்த மாத்திரையை எத்தனை பேர் கையில் வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

எடுத்த எடுப்பிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், பேச்சு எங்கே போனாலும் இதற்குத்தான் திரும்பி வருவேன். பூச்சி மாத்திரையை மென்று தின்ன வேண்டும். தண்ணீர் ஊற்றி மடக்கென்று விழுங்கக் கூடாது. வழக்கமாகக் கொடுக்கிற அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை கொஞ்சம் பெரியது, சின்னத் தொண்டையில் நின்றுவிடும். இரண்டு வயதுக்கு மேல் முழு மாத்திரை, மென்று. ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை அரை மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம், இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நன்றாகப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து. மூன்று வயது நிறையாத பிள்ளை எதுவானாலும் பொடித்தே கொடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பிள்ளை அழும்போது, திமிறும்போது, மூக்கைப் பிடித்து வாயில் திணிக்கிற வேலை மட்டும் கூடாது. மாத்திரை மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து மருந்தால் வருவதில்லை, நம் அவசரத்தால் வருவது. பத்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த மருந்து ரொம்ப சாது. அதனாலேயே இதை யாரும் மருந்தாக மதிப்பதில்லை. முன்பு அப்படி இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் போனார்கள். மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, சோதித்து, அப்புறம்தான் கப்பலேற்றுவார்கள். தோட்டத்தில் கக்கூஸ் கிடையாது, காலில் செருப்பு கிடையாது, எப்போதும் ஈர மண். கொக்கிப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்? அது வாய் வழியாக வர வேண்டும் என்றில்லை, பாதத்துத் தோலைத் துளைத்தே உள்ளே போகும். ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, குடலில் போய்க் கவ்விக்கொள்ளும். அங்கே உட்கார்ந்து நாள்தோறும் ரத்தம் குடிக்கும். ஆள் வெளுத்துப்போவார், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், துரை சோம்பேறி என்பான்.

1910களில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் அந்தத் தோட்டங்களுக்கு வைத்தியம் செய்ய வந்தார்கள். கையில் இருந்த மருந்து தைமால், கீனோபோடியம் எண்ணெய். இரண்டுமே புழுவைக் கொல்லும், அளவு தவறினால் ஆளையும் கொல்லும். தைமால் சாப்பிடுகிறவர் அன்றைக்குச் சாராயம் தொடக் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது, தொட்டால் மருந்து ரத்தத்தில் ஏகத்துக்கும் ஏறிவிடும். உடம்பு நோவக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! அப்புறம் 1921இல் மாரிஸ் ஹால் என்கிற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கார்பன் டெட்ராகுளோரைடைக் கண்டுபிடித்துச் சொன்னார். துணியில் கறை எடுக்கவும் தீயணைக்கவும் வைத்திருந்த திரவம் அது. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தானே குடித்தும் பார்த்தார் மனுஷன். பிஜித் தீவிலும் இலங்கையிலும் அதைக் கொடுத்தார்கள், கொக்கிப்புழு கொத்துக் கொத்தாக வெளியே வந்தது. ஆனால் குடிப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஈரலைத் தின்றுவிட்டது, செத்தும் போனார்கள். இன்றைக்கு அதை ஆய்வுக்கூடத்தில் கூட மூடி போட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

அல்பெண்டசோல் அதற்கு எவ்வளவோ மேல். பெரும்பாலும் குடலிலேயே தங்கிவிடும், ரத்தத்துக்குள் போவது கொஞ்சம்தான். புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் செய்துவிடும், அது பட்டினி கிடந்து சாகும். அதனால் மருந்து கொடுத்த கையோடு விளக்கெண்ணெய் ஊற்றிப் பேதிக்கு விட வேண்டியதில்லை. இன்றைக்கும் சில பாட்டிமார் விடுகிறார்கள், அது பழைய மருந்துகளோடு வந்த வழக்கம், மருந்து போயும் வழக்கம் போகவில்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒன்றிரண்டு புழு வெளியே வந்தால் பயப்படாதீர்கள். வரவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்றும் நினைக்காதீர்கள்.

வயிற்றில் புழு நிறைய இருக்கிற பிள்ளைக்கு மாத்திரை தின்றதும் லேசாக வயிறு வலிக்கலாம், குமட்டலாம், தலை வலிக்கலாம். நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தால் போதும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அடங்காமல் வாந்தி எடுத்தாலோ உடம்பு தடித்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்தால் போதும், பக்கத்து பெஞ்சும் பிடிக்கும், அடுத்த வகுப்பும் பிடிக்கும், அதற்குள் ஊருக்கே செய்தி போய்விடும். ஆசிரியர்கள் முதல் பிள்ளையைத் தனியே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாலே பாதி அமளி அடங்கிவிடும்.

இன்னொன்று. ஒரு நாள் ஜன்னலில் ஒரு அம்மா கூடைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். "சார், ஆட்டுக்கு வாங்கினது மீதி இருக்கு, இதுலயும் அல்பெண்டசோல்னுதான் எழுதியிருக்காம், பையன் படிச்சுச் சொன்னான். சின்னவனுக்கு ஒரு மூடி ஊத்தட்டுமா?" பையன் சரியாகத்தான் படித்திருக்கிறான். மருந்து அதேதான், ஆடுமாடுகளுக்கு வந்த பிறகுதான் மனிதருக்கே வந்தது. ஆனால் பிள்ளைகளுக்கான சிரப்பில் 10 மில்லிக்கு 400 மில்லிகிராம் மருந்து. கால்நடை பாட்டிலில் இரண்டரை சதவீதம் என்றும் இருக்கும், பத்து சதவீதம் என்றும் இருக்கும். அதே 10 மில்லியில் ஒன்றில் 250 மில்லிகிராம், இன்னொன்றில் 1000. சில பாட்டில்களில் கூடவே வேறு மருந்தும் கலந்திருப்பார்கள். "ஏம்மா, ஆட்டுக்கு வாங்கினது ஆட்டுக்கே இருக்கட்டும், இங்கே சும்மாதானே கொடுக்கிறோம்" என்று அரை மாத்திரையைப் பொடித்து அங்கேயே கொடுக்க வைத்தேன்.

சும்மா கிடைக்கிறது என்பதற்காக மாதாமாதம் போடுகிறவர்களும் உண்டு. பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி, இனிப்புத் தின்றால் பூச்சி, கன்னத்தில் வெள்ளைத் திட்டு வந்தால் பூச்சி. இதில் எதுவும் பூச்சிக்கு அத்தாட்சி இல்லை. சிலேட்டுக் குச்சியும் மண்ணும் தின்கிற பிள்ளை என்றால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டே இருந்தால் கீரிப்பூச்சி, அதற்கு மட்டும் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. மற்றபடி வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஒட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுப்பார்கள், 1 வயதிலிருந்து 19 வரை. 2015இல் சில மாநிலங்களில் ஆரம்பித்தார்கள், இப்போது நாடு முழுக்க நடக்கிறது. நம் தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு, கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் தவிர்த்து. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இதைத் தொடவே கூடாது, நாள் தள்ளிப்போயிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காய்ச்சல் என்றால் விட்டுவிடுங்கள், விடுபட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் மறுபடி கொடுப்பார்கள். மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். கொடுக்கிறவர் கண் முன்னால் மென்று... சரி, இதை எத்தனை தடவை சொல்லிவிட்டேன்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். செருப்பு, கக்கூஸ், நகம் வெட்டுவது எல்லாம் பேச நினைத்தேன், மாத்திரை தின்ற பிள்ளை மறுநாளே வெறுங்காலோடு அதே மண்ணில் நின்றால் மறுபடி புழு ஏறும், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாடாப்புழுவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பன்றி இறைச்சி தின்னாதவருக்கும் கழுவாத கீரை வழியாக அதன் முட்டை உள்ளே போய், மூளையில் கட்டியாக உட்காரலாம். அப்படி இருக்கிறவருக்கு இந்த மாத்திரை வலிப்பைக் கிளப்பிவிடலாம். அதனால் வலிப்பு வந்த பிள்ளை என்றால் மாத்திரையைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஆசிரியரிடமோ நர்ஸம்மாவிடமோ சொல்லுங்கள், மருத்துவர் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். நன்றி, வணக்கம்.