மாலிப்டினம் வற்றினால் வனேடியம்

செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க அதற்குத் தெரியாது. அதில் பூஞ்சையோடு குடியிருப்பது பச்சைப்பாசி. இந்த வேலைக்கு நீலப்பச்சைப்பாசி வேண்டும். கனடாவின் ஊசியிலைக் காடுகளில் தரையோடு படரும் பெல்டிஜெரா அப்தோசா என்ற லைக்கனில் அது இருக்கிறது. மழையில் நனைந்ததும் பசேலென்று விரியும் இதன் உடல்மேல் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப்பாசியின் குடியிருப்பு. நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதி இயங்குவது அங்கேதான். காய்ந்தால் எல்லாம் நின்றுவிடும்.

அந்த நொதியின் மையத்தில் 7 இரும்பு அணுக்களோடு மாலிப்டினம் என்ற உலோகத்தின் ஒரே ஒரு அணு உட்கார்ந்திருக்கிறது. புவியோட்டில் மாலிப்டினம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்குதான். வேரில்லாத லைக்கனுக்குத் தூசியும் மழையும் கொண்டுவருவதே வரவு. இன்னொரு உலோகமான வனேடியமோ புவியோட்டில் அதைப்போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு. மாலிப்டினம் குறையும்போது நாஸ்டாக் வனேடியம் வைத்த மாற்று நொதியைக் கட்டிக்கொள்கிறது. அது கொஞ்சம் ஊதாரி. எலக்ட்ரான்களில் ஏறத்தாழப் பாதியை ஹைட்ரஜன் வாயுவாக வெளியே விட்டுவிடும். இருந்தாலும் பட்டினிக்கு அது மேல்.

கிழக்குக் கனடாவில் 600 கிலோமீட்டர் நெடுக மாதிரி எடுத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஒரு கிராம் லைக்கனில் மாலிப்டினம் 250 நானோகிராமுக்குக் கீழே போனால், பிடிக்கப்படும் நைட்ரஜனில் 15 முதல் 50 விழுக்காடு வனேடியம் நொதியின் கைவேலை என்று அது காட்டியது. இதை வெறும் உதிரி ஏற்பாடு என்று ஒதுக்க முடியாது.

இங்கேதான் நம் அளவீடு சறுக்குகிறது. நைட்ரஜனேஸ் அசிட்டிலீன் வாயுவையும் எத்திலீன் வாயுவாக மாற்றும்; அந்த எத்திலீனை வைத்து நைட்ரஜனைக் கணிப்பதே வழக்கமான அசிட்டிலீன் சோதனை. அதில் லைக்கனை முந்தைய நாளே தூய நீரில் நனைத்து வெளிச்சத்தில் வைப்போம். பிறகு குப்பியில் இட்டு ரப்பர் மூடியால் அடைத்து, உள்ளிருக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதே அளவு அசிட்டிலீன் செலுத்துவோம். சில மணி நேரத்தில் உண்டாகும் எத்திலீனை, வாயுக்களைப் பிரித்துக் காட்டும் நிறப்பகுப்பிக் கருவியில் அளந்து, 3-ஆலோ 4-ஆலோ வகுத்துப் பிடிபட்ட நைட்ரஜனைக் கணிப்போம். அந்த வகுஎண் மாலிப்டினம் நொதிக்கு உரியது. வனேடியம் நொதி அசிட்டிலீனை அவ்வளவு திறமாக மாற்றுவதில்லை. உண்மையான வகுஎண் 2 என்றால், 4-ஆல் வகுத்தவர் பாதி நைட்ரஜனைத் தொலைத்துவிட்டார். ஆகவே எத்திலீனோடு நிற்காமல் ஈத்தேன் வாயுவையும் தேடுங்கள். அதைச் சிறிதளவு உண்டாக்குவது வனேடியம் நொதியின் அடையாளம்.

உலோகத்தை அளக்கும்போது எஃகுக் கருவிமேல் ஒரு கண் இருக்கட்டும். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. 100 மில்லிகிராம் மாதிரியில், கிராமுக்கு 250 நானோகிராம் என்ற அந்த வரம்பின்படி, இருப்பது மொத்தமே 25 நானோகிராம். கத்தியிலிருந்து ஒரு மைக்ரோகிராம் துணுக்கு உதிர்ந்தாலும் அதே 25 கூடிவிடும். பற்றாக்குறைக் காடு வளமான காடாகக் கணக்கில் ஏறும். பீங்கான் கத்தி, பிளாஸ்டிக் இடுக்கி, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய குப்பி போதும். ஒட்டிய மண்ணையும் ஊசியிலைத் துணுக்கையும் நனைந்த நிலையிலேயே எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் தொட்டால் லைக்கனே நொறுங்கும்.

கூடவே லைக்கன் இல்லாமல் அசிட்டிலீன் மட்டும் ஒரு குப்பி, அசிட்டிலீன் இல்லாமல் லைக்கன் மட்டும் ஒரு குப்பி வையுங்கள். அசிட்டிலீனில் முன்பே எத்திலீன் கலந்திருப்பது முதல் குப்பியில்தான் பிடிபடும்.